மேடத்தின் வேர்க் கத்தி

எங்கள் குசினி மேசையின் லாச்சியை இழுத்தால் மரப்பிடி போட்ட கத்தி ஒன்று கிடக்கும். ஓய்வு பெற்ற அன்று மேடம் என் கையில் தந்துவிட்டுப் போனது. குதிரை மசால் செடியின் வேரை நெடுக்காகப் பிளந்து பார்க்க அவர் வைத்திருந்த கத்தி அது.

மேடம் கோயம்புத்தூர்க்காரர். இந்தப் பனி நாட்டில், அஜக்ஸ் ஊருக்கு அப்பால் ஒரு விதைக் கம்பனியின் வயலில், நோய்க்கும் குளிருக்கும் சாகாத குதிரை மசால் ரகம் ஒன்றை உருவாக்குவது அவருடைய வேலை. மாடுகளுக்கு நல்ல தீவனம் அது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மண் கிண்டுவதும் தண்ணீர் விடுவதும் என் வேலை. காலையில் மல்வேர்ன் பஸ் தரிப்பில் என்னைக் காரில் ஏற்றிக்கொள்வார். எனக்கு அதிகம் பேச்சு வராது; எதற்கும் 'ஓம்' என்று ஆமோதிப்பதோடு சரி. இருவருக்கும் சேர்த்து அவரே பேசுவார். "தம்பி, இன்னைக்கு ரெண்டு தடவை 'ஓம்' சொல்லிட்டீங்க. தொண்டை வலிக்கப் போகுது," என்பார்.

அவருடைய வேலைமுறை முதலில் எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடிக் கூடாரத்தில் நாற்றுகளைப் பிள்ளைகளைப் போல வளர்ப்போம். பிறகு வேரழுகல் நோய்க் கிருமியைக் கரைத்த தண்ணீரை நாங்களே ஊற்றுவோம். பிழைத்ததை மட்டும் பூக்கவிட்டு, விதை எடுத்து, விதைத்து, மறுபடியும் நோய் ஊற்றுவோம். அப்படித் தேறிய இரண்டு வரிசைகள் கடைசியாக வயலுக்குப் போயின. மேற்கு வரிசை மேடத்தின் செல்லம். இலை அடர்ந்து கரும்பச்சையாக நிற்கும். மெதுவாக வளரும் கிழக்கு வரிசையைச் "சோம்பேறி" என்று திட்டுவார். குளிர்காலம் தாண்டி ஏதாவது ஒன்று உயிரோடு நின்றால்தான் புது ரகம் என்ற சான்றிதழுக்கு அனுப்பலாம். அடுத்த கோடையில் அவருக்கு ஓய்வு. இன்னொரு குளிர்காலம் அவருக்கு இல்லை.

ஜனவரியில் மழை பெய்து அப்படியே உறைந்தது. செடிகளைப் போர்த்தியிருந்த பனி கரைந்து, வயல் முழுக்க ஐஸ் மூடிக்கொண்டது. அதற்கடியில் வேர் மூச்சுமுட்டிச் செத்துவிடும். நான் மண் அள்ளும் சவளைத் தூக்கிக்கொண்டு மேற்கு வரிசைக்கு ஓடினேன்.

"தம்பி, தொடாதீங்க!"

"கொஞ்சம் உடைச்சு விடுறன் மேடம். பாவம்."

"நாம உடைச்சுக் காப்பாத்திட்டா, நாளைக்கு இத விதைக்கிறவன் வயல்ல யாரு போய் உடைப்பா? சாகுறதுன்னா இங்கயே சாகட்டும்."

சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றி, அந்த ஐஸின் மேல் உள்ளங்கையை வைத்தபடி குந்தியிருந்தார். எழும்ப மனம் வரவில்லை அவருக்கு. நான் சவளோடு பக்கத்தில் நின்றேன்.

மண் இளகியதும் தோண்டினோம். மேடம் கத்தியை என்னிடம் நீட்டினார். மேற்கு வரிசை வேரைப் பிளந்தேன். உள்ளே பழுப்பு, செத்த வேர். அடுத்ததும் பழுப்பு. மேடம் கிழக்கு வரிசைக்கு நடந்தார். அங்கே பிளந்த வேர் தேங்காய்ச் சொட்டுப் போல வெள்ளையாக இருந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "செல்லம் குடுத்தது போச்சு. திட்டு வாங்கினது நின்னுருச்சு, பாத்தீங்களா?"

சான்றிதழ் வாங்கியது அந்தச் சோம்பேறிதான். இன்றைக்கும் கோயம்புத்தூரிலிருந்து போன் எடுத்தால் முதலில் அதைத்தான் விசாரிப்பார், பிறகுதான் என்னை.

அந்தக் கத்தியால் முள்ளங்கி வெட்டினாலும் நெடுக்காகப் பிளந்து உள்ளே பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. "என்னப்பா, முள்ளங்கிக்கும் சேட்டிபிக்கட் குடுக்கப் போறியளோ?" என்று மனைவி பகிடி பண்ணுவாள். நேற்றும் அப்படித்தான். வெளியே மழை ஐஸாக உறைந்துகொண்டிருந்தது. அந்த விதை போன வயல்களில் இப்போது ஒருவரும் சவளோடு ஓடவேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு, கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தேன்.