ஊர்க்காவலனின் முத்திரை அடி

ஆமத்தூர் ஊர்க்காவலனுக்கு ஜனங்கள்மேல் ஒரு தீராத மனக்குறை. அவன் கட்டிய பாட்டை எல்லாரும் பாடுவார்கள், கடைசி அடியை மட்டும் ஒருத்தரும் பாடமாட்டார்கள். அந்த அடியில்தான் அவன் பேர் இருக்கும்.

பாட்டு கட்டுகிறவன் கடைசி அடியில் தன் பேரையும் ஊரையும் வைத்து முடிப்பது வழக்கம். முத்திரை அடி என்பார்கள். மற்ற அடிகளை ஊர்க்காவலன் நடக்கிற நடையிலேயே கட்டிவிடுவான். முத்திரை அடிக்கு மட்டும் சோறு தண்ணி மறந்து மெனக்கெடுவான். ஜனமோ, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டு, முத்திரை அடி வருகிற நேரம் பார்த்து வெற்றிலையைத் துப்ப எழுந்து போய்விடும். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று அவன் கறுவாத நாள் கிடையாது.

களை வெட்டிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து எட்டாவது வரை படித்தவன். அந்தக் காலத்தில் அது என்ன லேசுப்பட்ட காரியமா? கொஞ்ச நாள் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போனான். பாட்டு உள்ளே நுழைந்ததும் வேலை வெளியே போய்விட்டது. கள்ளச்சாராயத்தைக் கேலி பண்ணி ஒரு கும்மி, கந்துவட்டிக்காரனைக் கிண்டல் பண்ணி ஒரு சிந்து என்று கட்டி, சிவகாசி அச்சாபீஸில் அச்சடித்து, கஞ்சிராவைத் தட்டிப் பாடிச் சந்தையிலும் திருவிழாவிலும் விற்பான். எந்தக் கட்சிக்காரனிடமும் எந்த நாடகக் கம்பெனியிலும் போய் நின்றதில்லை. நன்றாகவும் பாடுவான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும்.

அப்பேர்ப்பட்டவனின் வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டவள் அதே தெருவில் இருந்தாள். ஆனைக்குட்டத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த குருவம்மாள். ஓர் எழுத்து தெரியாது. தீப்பெட்டிக் கம்பெனி கொடுத்தனுப்பும் மரச்சீவலையும் நீலத்தாளையும் வைத்துக்கொண்டு தெருப் பெண்களோடு பெட்டி ஒட்டுவாள். ஒட்டிக்கொண்டே வாய்க்கு வந்ததைப் பாட்டாக்குவாள். அப்படி வந்து விழுந்ததுதான் இது:

ஒட்டுன பெட்டி காயட்டும்டி – என் கண்ணு
ஓடிப்போடி பள்ளிக்கூடம்
தட்டு நெறையச் சோறு உண்டாம் – என் கண்ணு
தங்கமா உக்காந்து தின்னுட்டு வா

பசைக் கையக் கழுவிக்கிட்டு – என் கண்ணு
பலகையில எழுத்து எழுது
கணக்கப்பிள்ளை கேட்டாக்க – என் கண்ணு
கணக்குப் படிக்கப் போனேன்னு சொல்லு

கம்பெனிக் கணக்கப்பிள்ளை பெட்டிக் கணக்கில் எப்போதும் குறைத்துத்தான் சொல்வான் என்பதால், அந்தக் கடைசி வரிக்குத் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த சிரிப்போடு தெருவில் நாலைந்து பெட்டைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தன. அதில் குருவம்மாளின் மகளும் ஒருத்தி. ஊர்க்காவலனின் சாராயக் கும்மியைக் கேட்டு ஒரு குடிகாரனாவது திருந்தியிருப்பானா? கேட்ட சந்தோசத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான்.

ஒருநாள் அவன் வீட்டுக்குள்ளேயே அந்தப் பாட்டு கேட்டது. பெஞ்சாதி வள்ளித்தாய் பெட்டி ஒட்டியபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ வள்ளி, என்ன பாட்டு அது?"

"நம்ம குருவு கட்டுனது. பாடுனா கை தன்னால ஓடுதுங்க."

"எம் பாட்டைப் பாடுனா ஓடாதோ?"

"உங்க பாட்டு கேக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அது முடியதுக்குள்ள பசை காஞ்சு போகுதே!"

அன்றைக்கு அவன் சோறு தின்னவில்லை. கட்டின பெஞ்சாதியே எதிராளி பாட்டைப் பாடினால் மனுசனுக்குப் பற்றிக்கொண்டு வராதா?

தெருவை விட்டு வெளியே போனாலாவது நிம்மதி உண்டா? விருதுநகர் பஸ்ஸில் கண்டக்டர் அதையே சீட்டியடித்துக்கொண்டு வந்தான். "அந்தப் பாட்டு யாரு கட்டுனது, தெரியுமா?" என்று கேட்டான் ஊர்க்காவலன். "யாரு கட்டுனா என்ன அண்ணாச்சி? சில்லறை இருக்கா, அதச் சொல்லுங்க" என்றான் அவன்.

மனசு கேட்காமல் குருவம்மாளிடமே போய் நின்றான்.

"ஏம்மா குருவு, இம்புட்டுப் பேரு பாடுறாகளே, கடைசியில உம் பேர வைக்கலையே?"

"எம் பேரு எதுக்கு அண்ணாச்சி? அதையும் சேத்துப் பாடுனா அவுகளுக்கு வாய் வலிக்காதா?"

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பெட்டி ஒட்டினாள். அவள் பாட்டு பாடப்படுவதைவிட, அவள் அதைப் பெரிதாக நினைக்காததுதான் அவனை அதிகமாக எரித்தது. தான் ஏங்கி ஏங்கிச் சாகிற ஒன்றை, வேண்டாம் என்று ஒருத்தி தூசி மாதிரித் தட்டிவிடுகிறாளே!

பங்குனியில் விருதுநகர் மாரியம்மன் பொங்கல் வந்தது. திருவிழாவில் விற்க இரண்டு புதுப் பாட்டுகளை எடுத்துக்கொண்டு அச்சாபீஸுக்குப் போனான். அச்சுக் கோக்கிறவர், "பின்பக்கம் காலியாக் கிடக்கு, இன்னொண்ணு குடுங்க" என்றார். ஊர்க்காவலன் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தான். பிறகு பெட்டிப் பாட்டை மளமளவென்று எழுதி, அடியில் இரண்டு வரி சேர்த்தான்:

ஆமத்தூரு ஊர்க்காவலன் – என் கண்ணு
அழகாக் கட்டுன பாட்டு இது

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஆகிவிட்டது கதை. குறுகுறுவென்று இருக்கத்தான் செய்தது. 'காத்துல கிடக்கிற பாட்டுக்குப் பட்டாவா இருக்கு?' என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான்.

பொங்கல் கூட்டத்தில் காகிதம் பறந்தது. ஆனால் எல்லாரும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினார்கள். "பெட்டிப் பாட்டு இருக்குல்ல?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்கள். தன் பேர் போட்டு விற்கிற பாட்டின்மேலேயே ஊர்க்காவலனுக்குப் பொறாமை வந்தது. ஆத்திரத்தில் கஞ்சிரா கிழிகிற மாதிரி அடித்து, முத்திரை அடியைத் தொண்டை கிழியப் பாடினான். கூட்டம் கணக்கப்பிள்ளை வரிக்குச் சிரித்ததும் கலைந்து ராட்டினத்தைப் பார்க்கப் போய்விட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குருவம்மாள் வந்தாள். கையில் அந்தக் காகிதம். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாச்சி! எம் பாட்டை அச்சுல போட்டிருக்கீகளாமே! பஸ்ஸுல கண்டக்டரு சொன்னாரு. எம் புள்ளைக்குக் காட்ட அவருகிட்டயே ஒண்ணு வாங்கிட்டேன். ஒங்களுக்கு எம்புட்டுப் பெரிய மனசு!"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல ஆயிற்று.

"ஒருக்கா படிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி. அச்சுல எப்படி இருக்குன்னு கேக்கணும்."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஊர்க்காவலன் காகிதத்தை வாங்கினான். படித்தான். குருவம்மாள் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டு வந்தாள். தான் சொன்னது ஒரு சொல் மாறாமல் காகிதத்திலிருந்து திரும்பி வருவது அவளுக்கு அதிசயமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது. அவனுடைய முதல் பாட்டு அச்சில் வந்தபோதுகூட அவன் அப்படிச் சந்தோசப்பட்டதில்லை. கணக்கப்பிள்ளை வரியோடு நிறுத்திவிட்டுக் காகிதத்தை நீட்டினான்.

பசை காய்ந்து கெட்டித்துப்போன விரலை அவள் காகிதத்தின் அடியில் வைத்தாள்.

"அம்புட்டுத்தானா? இங்கன இன்னும் ரெண்டு வரி கிடக்கே, அதுல என்ன எழுதியிருக்கு?"

கடைசி அடி என்ன என்று ஒரே ஓர் ஆளாவது கேட்கமாட்டாரா என்று வருசக்கணக்காக ஏங்கியவன் ஊர்க்காவலன். கேட்டுவிட்டாள்.

"அது பாட்டு இல்லம்மா" என்றான். "அச்சாபீஸ்காரன் பேரு."

"அவுகளும் நல்லா இருக்கட்டும்." குருவம்மாள் காகிதத்தை மடித்து இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள். "எம் மக இப்பத்தான் எழுத்துக் கூட்டுதா. தெனமும் ஒரு வரியா அவள விட்டே படிக்கச் சொல்லணும். அந்தக் கடைசி ரெண்டு வரியையும் விடாமப் படிக்கச் சொல்லுதேன் அண்ணாச்சி. பாவம், ஆசையாத்தான பேரப் போட்டிருப்பாக!"