கிழிக்கச் சொன்ன பக்கம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு என் வக்கீல் என்னைக் கைவிட்டார்.

விஷயம் எளிது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு ஏழுமலைக்கும் நடுவே மூன்றரை அடிச் சந்து. நிலம் அவருடையது. எங்கள் பின்கட்டில் இருக்கும் என் அக்கா தெருவுக்கு வர அதுதான் வழி. முன்பக்கம் ஏழு படி. அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து படி என்றால் முடியாது. இந்த வருடம் சந்தில் கதவு போட்டுப் பூட்டப்போவதாக ஏழுமலை சொன்னார். கேஸ் போட்டேன்.

"இருபது வருஷத்துக்கு மேல யாரையும் கேக்காம அதுல நடந்தீங்கன்னு காட்டணும் சார். ஆதாரம் இருக்குதா?" என்றார் வக்கீல்.

என்னிடமா கேட்கிறார்? வருடத்துக்கு ஒன்றாக நான் எழுதிவைத்த இருபத்து நான்கு டைரிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அக்கா எத்தனை மணிக்குக் கோயிலுக்குப் போனார், எந்த வழியாகத் திரும்பினார் — எல்லாம் உண்டு.

வக்கீல் கையைக் குலுக்கினார். "ஜெயிச்சாச்சு சார்!"

அது வெள்ளிக்கிழமை. செவ்வாயன்று போனால், டைரிகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். இந்த வருட டைரி மட்டும் மேஜையில் விரிந்திருந்தது. அதிலிருந்துதான் படிக்க ஆரம்பித்திருக்கிறார்.

"இதைப் படிங்க சார்."

என் கையெழுத்துதான். 'காலை 11.20: கோர்ட். வக்கீலுக்குக் கடும் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்று ஜூனியர் சொன்னார். வாய்தா. மாலை 6.15: கிரிவலப் பாதையில் வக்கீலைக் குடும்பத்துடன் கண்டேன். வேகமாக நடந்தார். கையில் சுண்டல்.'

"இது ஜட்ஜ் கைக்குப் போகும் சார்."

"உண்மைதானே?"

"அதாங்க பிரச்சினையே."

"இந்த டைரியை மட்டும் விட்டுடலாமே?"

"கதவு போடுவேன்னு ஏழுமலை சொன்னது இதுலதானே இருக்குது? இந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சிடலாம்."

"பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கேன்."

"யாரு சார் உங்களைப் போடச் சொன்னது?"

"ஒண்ணு குறைஞ்சா மீதியை யாரு நம்புவாங்க?"

டைரியை மூடி என் பக்கம் தள்ளினார். "வக்காலத்தை வாபஸ் வாங்கிக்கிறேன் சார். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

கோர்ட்டில் அவர் சொன்ன காரணம்: உடல்நிலை சரியில்லை. நன்றாகத்தான் இருந்தார். அதையும் குறித்துக்கொண்டேன்.

எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. அடுத்த வக்கீலைப் பார்க்குமுன், டைரிகளை முதலிலிருந்து நானே படித்துவிட உட்கார்ந்தேன். வெகுதூரம் போகவில்லை. முதல் டைரி, நான்காம் பக்கம்.

'அக்கா பின்கட்டுக்குக் குடிவந்தார். சந்து வழியாக வந்துபோகலாமா என்று ஏழுமலையிடம் கேட்டேன். "இதைப் போய்க் கேக்கணுமா சார்? தாராளமா வாங்க" என்றார்.'

கேட்டிருக்கிறேன்! கேட்டு நடந்தால் அது உரிமை ஆகாது, தயவு. ஏழுமலைக்கு இது நினைவில்லை. இருந்திருந்தால் அவருடைய வக்கீல் சும்மா விட்டிருப்பாரா?

ஒரே ஒரு பக்கம்தானே... என்று தோன்றியது. என் வக்கீல் அப்படியொன்றும் மோசமான ஆள் இல்லை என்றும் அப்போதுதான் தோன்றியது.

"என்னடா, அந்தப் பக்கத்தையே புடிச்சிக்கினு உக்காந்திருக்கே?" என்றார் அக்கா. சொன்னேன்.

"கிழிச்சிட்டியா?"

"இல்லக்கா."

"அன்னிக்குக் கேட்டே, குடுத்தாரு. இப்ப ஏன்டா கேக்கல?"

இருபத்து நான்கு டைரிகளிலும் தேடினேன். இதற்குப் பதில் இல்லை. நமக்குச் சாதகமான உண்மை எத்தனை பக்கம் இருந்தாலும் எடுத்து நீட்டிவிடுகிறோம்; ஒரு வரி கேட்கத்தான் வாய் வருவதில்லை.

நேரில் போய்க் கேட்க எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. நல்லவேளை, பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை ஏழுமலை வாரம் தவறாமல் படிப்பவர்.