மாமா தானே நடந்து போனார்

மாமாவை அறிந்தவர்களே, இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அவருடைய பெயரை உரத்துச் சொல்லவே பயம்.

செய்தி கொண்டுவந்த தொண்டைமானாற்று உறவினர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. "பிள்ளை, கொம்மாவைக் கூப்பிடு. ஜீப்பிலை கொண்டுபோன மாமா ஆத்தங்கரையிலை கிடக்கிறார். உயிரில்லை." அவ்வளவுதான். செத்தவீட்டுக்கு அயலவர்கூட வரவில்லை.

அம்மாவின் தம்பியான அவர், இங்கிலாந்தில் ஒரு கவுண்டி கிரிக்கெட் அணியின் தொடக்க ஆட்டக்காரராகச் சில கோடைகாலங்கள் விளையாடியவர். பருத்தித்துறையில் பிறந்தவருக்கு அந்த ஊர்ச் சித்திரைக் குளிரில் விரல்கள் மரத்துப்போகுமாம். களமிறங்கும்வரை சுடச்சுட அவித்த உருளைக்கிழங்கைக் கைக்குள் பொத்தி வைத்திருப்பாராம்.

"வேகப்பந்துக்குப் பயமில்லையோ மாமா?"

"பயந்தான் பிள்ளை பந்தைக் காட்டுறது."

பந்து துடுப்பில் உரசிப் பிடிபட்டால் நடுவரைப் பார்க்கமாட்டார்; அவுட் என்று தானே வெளியே நடந்துவிடுவார். ஓட்டங்கள் குறைந்த வருடம், அணித்தலைவர் சொல்லுமுன்பே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். அம்மா அதைச் சொல்லிக்காட்டாமல் விடமாட்டார்.

"வெள்ளைக்காரன் விரலைத் தூக்க முந்தி உனக்கென்னடா அவசரம்?"

"பட்டது எனக்குத் தெரியுமெல்லே அக்கா."

போன வெள்ளிக்கிழமை ஜீப்பில் வந்த ஆமிக்காரர்கள் ஊர் மைதானத்தில் நின்ற எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். விளையாட்டுக் கொட்டிலில் இரவு இயக்கப் பொடியள் படுத்திருந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொட்டில் பூட்டின் திறப்பைக் கொடுத்தது யார் என்று கேட்டார்கள்.

கொடுத்தது என் அண்ணை. வரிசையில் அவர் ஓரடி பின்னுக்கு வைத்ததை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். மாமாவும் பார்த்திருக்க வேண்டும். துடுப்பைப் புல்லில் வைத்தார். கையுறைகளைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

"நான்தான்," என்று நடந்தார்.

பந்து படாமலே அவர் நடந்தது அன்று மட்டுந்தான்.

இன்று பின்னேரம் அந்த ஜீப் எங்கள் ஒழுங்கைக்குள் மெதுவாக வந்து திரும்பிப் போனது. அண்ணை சாப்பிடவில்லை. "நான் போய்ச் சொல்லப்போறன்," என்கிறார். அம்மா அவர் உடுத்திருக்கிற சாரத்தைப் பிடித்தபடி கதவடியில் படுத்திருக்கிறார்.

மாமா சொன்ன ஒன்றை நான் வைத்திருக்கிறேன். "புதுப்பந்தைப் பின்னாலை ஆட வாறவங்களிட்டைப் போகவிடக்கூடாது. அதுதான் என்ரை வேலை." அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

கதவைத் தட்டுகிறார்கள். அண்ணை எழும்புகிறார். அவருக்கு முதல் நான் நடந்து