நீலக் கோட்டில் ஓடாத ஆறு

ஒஸ்லோவில் தண்ணீர் குடிக்கிறவர்கள் முதலில் தண்ணீரை ஓடவிடுவார்கள். குழாயைத் திறந்து, விரலை நீட்டிப் பார்த்து, பல் கூசுமளவுக்குக் குளிர்ந்த பிறகுதான் கிளாஸைப் பிடிப்பார்கள். அதுவரை ஓடியது ஓடியதுதான். எண்பத்தேழாம் ஆண்டு நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஒரு நோர்வேஜியர் வீட்டுக் குசினியில் இதை முதன்முதலாகக் கண்டேன். அந்த மனிதர் குழாயை மூட மறந்துவிட்டார் என்று நினைத்து எட்டி மூடினேன். அவர் மரியாதையாகச் சிரித்துவிட்டுத் திரும்பவும் திறந்தார். நானும் மரியாதையாகச் சிரித்துவிட்டுத் திரும்பவும் மூடினேன். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஒன்று இல்லாததால் இது கொஞ்ச நேரம் நடந்தது. இன்று ஒஸ்லோவின் விளிம்பிலுள்ள ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டுக் குசினியில் என் மகள் மரியா அப்படித்தான் ஓடவிடுகிறாள். மனைவி றீற்றா கதைத்துக்கொண்டே அவளுக்குப் பின்னால் போய் மூடிவிடுவாள். 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் வரைக்கும் அப்படி மூடினாள் என்று எழுதுவதுதான் சரி.

அந்த ஒக்டோபரில் நாங்கள் அமெரிக்காவின் பாலைவனத் தேசியப் பூங்காக்களைக் காரில் சுற்றினோம். நோர்வேயில் பள்ளிக்கூட விடுமுறையைத் திகதியால் சொல்லமாட்டார்கள், வருடத்தின் எத்தனையாவது கிழமை, அதாவது வாரம், என்று இலக்கத்தால் சொல்வார்கள். நாற்பதாவது கிழமை இலையுதிர்கால விடுமுறை. அதற்கு அடுத்த கிழமைக்கும் மரியாவின் ஆசிரியையிடம் விடுப்புக் கேட்டேன். குடும்ப விடயம் என்று காரணம் சொன்னேன். அது உண்மைதான். றீற்றாவின் ஒரே அண்ணன் யோசப் லொஸ் ஏஞ்சலிசில் இருக்கிறார். தங்கச்சிக்காக அவர் பல வருடங்களுக்கு முன்னர் போட்டிருந்த குடிவரவு விண்ணப்பம் அந்தக் கோடையில்தான் சரிவந்தது. நாங்கள் மூவரும் அங்கே குடிபெயரலாம். போகிறோமா இல்லையா என்பதை வருடம் முடிவதற்குள் சொல்லவேண்டும். றீற்றாவுக்குப் போக விருப்பம். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். குளிர்காலம் முழுவதும் இருட்டில் போய் இருட்டில் வருகிறவள். பதினான்கு வயது மரியாவுக்கு விருப்பமில்லை. நான் நடுவில் நின்றேன். "முதல்லை வந்து நாட்டைப் பாருங்கோ. பிறகு முடிவெடுக்கலாம்" என்று மச்சான் தொலைபேசியில் சொன்னார். வெயிலைக் காட்டினால் போதும், தங்கச்சி பிறகு மறுக்கமாட்டாள் என்பது அவருடைய கணக்கு.

பாலைவனம் தொடங்குகிற ஊரில் ஒரு பெரிய கடைக்குள் மச்சான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சுவர் முழுக்கத் தண்ணீர். நாங்கள் ஊரில் மண்ணெண்ணெய் வாங்கிய கான்களைப் போன்ற பிளாஸ்ரிக் கான்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். மச்சான் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளுவண்டிக்குள் ஏற்றினார். நோர்வேயில் வளர்ந்த பிள்ளைக்குக் கடையில் தண்ணீர் வாங்குவது கொஞ்சம் வெட்கமான காரியம்.

"மாமா, இது வெறும் தண்ணி" என்றாள் மரியா.

"ஓம் பிள்ளை, வெறும் தண்ணிதான். வெறும் காத்தும் வேணும். அதைக் கார் யன்னலாலை எடுப்பம்."

"என்ன மச்சான், கலியாண வீட்டுக்கோ போறம்?" என்று நான் மகளின் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

"நோர்வேக்காரருக்குச் சொன்னால் விளங்காது" என்று சொல்லிவிட்டு அவர் இன்னும் இரண்டு கான் எடுத்தார்.

டெத் வலி என்கிற பள்ளத்தாக்கில் கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு வெள்ளை வெளி கிடந்தது. மரியா காரிலிருந்து குதித்து ஓடிப்போய், குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, அது பனி இல்லை என்பதில் ஏமாந்தவள்போல எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனையிறவு உப்பளம் மாதிரியெல்லே கிடக்கு" என்றாள் றீற்றா. ஒரே வெள்ளை, ஒருத்திக்குப் பனி, மற்றவளுக்கு உப்பு. எனக்கு அங்கே ஆசையாக இருந்தது அறிவிப்புப் பலகைகள்தான். ஆண்டுகளைத் தேடி வாசிப்பது என் பழக்கம். அந்த ஊர்ப் பலகைகளோ கோடிக்கணக்கான ஆண்டுகளை மளிகைச் சாமான்போல எழுதி வைத்திருந்தன. இந்தச் சிவப்புப் பாறை ஒருகாலம் மணல்மேடு, அந்தச் சாம்பல் பாறை ஒருகாலம் கடலடி. நான் ஒவ்வொன்றையும் சத்தமாக வாசிக்க, மச்சான் காரின் ஹோர்னை அடித்துக் கூப்பிட்டார். "நீர் வாசிச்சு முடிக்க இதுகும் கடலாப் போயிடும், வாரும்!"

யூட்டா மாநிலத்தின் தெற்கில் ஒரு பள்ளத்தாக்கில்தான் நாங்கள் நடக்கப் போனோம். மச்சானுக்கு முழங்கால் நோவு. நடைபாதை தொடங்கும் இடத்தில், நிழலுக்குக் கூரை போட்ட மேசையடியில் தான் இருப்பதாகச் சொன்னார். "இந்தக் கான் ஒண்டைத் தூக்கிக்கொண்டு போங்கோ" என்று இரண்டு முறை சொன்னார். நான் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். பாதையோடு கூடவே நீலக் கோடு ஒன்று போனது. நோர்வே மலைகளில் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஏறுகிறவரை நான் கண்டதில்லை. பையில் ஒரு சின்ன மரக்கோப்பை தொங்கும். தாகம் எடுத்தால் குனிந்து ஓடையில் மொண்டு குடிப்பார்கள். எங்கள் பைகளிலும் அதே கோப்பைகள்தான் தொங்கின. ஆளுக்கொரு சிறிய போத்தலோடு புறப்பட்டோம். அடிக்குறிப்பு வரைக்கும் வாசிக்கிற நான் அந்த வரைபடத்தின் ஓரத்திலிருந்த குறியீட்டு விளக்கத்தை மட்டும் வாசிக்கவில்லை. முறிந்து முறிந்து போகிற நீலக் கோடு, மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஆற்றுக்கு உரியதாம்.

ஆறு இருந்தது. கரை இருந்தது, வளைவு இருந்தது, கூழாங்கற்கள் இருந்தன. தண்ணீர் மட்டும் இல்லை. அடுத்த வளைவில் இருக்கும் என்று நடந்தோம். அதற்கடுத்த வளைவிலும் மணல்தான். அதற்குள் போத்தல்கள் முடிந்துவிட்டன. மரியா தலையிடிக்கிறது என்று ஒரு பாறையின் நிழலில் உட்கார்ந்தாள். முகம் சிவந்து, வியர்வை நின்றுபோயிருந்தது. வந்த தூரம் முழுவதையும் வெயிலில் திரும்ப நடக்கவேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஓர் ஆறுகூட இல்லை. அங்கே பிறந்த ஒருவன், கடதாசியில் கீறிய கோட்டை நம்பிப் பிள்ளையைப் பாலைவனத்துக்குள் கூட்டி வந்திருக்கிறான்.

"அப்பா, நோர்வே வரைபடத்திலை பெக் எண்டு போட்டிருந்தால் பெக் இருக்கும்" என்றாள் மரியா. ஓடைக்கு அவளிடம் இருக்கிற சொல் அதுதான். அவள் குற்றம் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு அது விளங்கவில்லை.

றீற்றா ஆற்றின் வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளிப்பக்கக் கரையில் நான்கைந்து மரங்கள் பச்சையும் மஞ்சளுமாக நின்றன. "இந்த மரம் சும்மா நிக்காது" என்றாள். அவற்றின் அடியில் முழங்காலில் இருந்து, மகளுடைய மரக்கோப்பையால் மணலைக் கிண்டத் தொடங்கினாள். அவள் நெடுந்தீவில் பிறந்தவள். அங்கே மணலில் கிண்டி ஊற்று எடுக்கிற குழியைப் பூவல் என்பார்கள். முழங்கை மறையும் ஆழத்தில் மணல் கறுத்தது. இன்னும் கொஞ்சம் கிண்ட ஈரமானது. பிறகு அடியில் ஒரு கலங்கல் மினுங்கியது.

"அம்மா, எப்பிடித் தெரியும்?" மரியா தலையிடியை மறந்து தவழ்ந்து வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தெரியாது. இருக்குமோ எண்டு பாத்தனான். குடிக்கிறேல்லை, விளங்குதோ? உதுக்குள்ளை என்ன கிடக்கோ தெரியாது." தன் சால்வையை அதில் தோய்த்துப் பிழிந்து, மகளின் தலையிலும் பிடரியிலும் சுற்றினாள்.

அந்த நேரம் பார்த்துப் பூங்காக் காவலர் ஒருவர், அகன்ற தொப்பி போட்ட ஓர் இளம்பெண், பாதையில் வந்தார். மூன்று பேர் ஆற்று மணலைச் சுற்றிக் குந்தியிருப்பதைக் கண்டு நின்றார்.

"எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மோதிரம் கீதிரம் என்று நினைத்திருப்பார்.

"ஆற்றை" என்றாள் மரியா.

அவர் சிரிக்கவில்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். நோர்வே என்றேன். எங்கள் முகங்களைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். "நோர்வேயில் தண்ணீரை இப்படியா எடுப்பீர்கள்?"

"இல்லை. அங்கே குழாயில் வரும்" என்றாள் மரியா, வெகு கவனமாக. அதற்குமேல் விளக்கப் போனால் தீவு, சண்டை, கப்பல், விமானம் எல்லாம் சொல்லவேண்டி வரும். எனவே நாங்கள் மூவரும் தலையாட்டினோம். அவர் தன் பையிலிருந்த தண்ணீரை மரியாவுக்குக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். பிறகு, மன்னிக்கவேண்டும், இங்கே தோண்ட அனுமதி இல்லை, குழியை மூடிவிடுங்கள் என்றார். றீற்றா இரண்டு கையாலும் மணலை வாரி மூடினாள். மூடிய பிறகு உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினாள். அங்கே ஒரு குழி இருந்ததே தெரியாதபடி செய்துவிட்டுத்தான் எழும்பினாள்.

காவலர் எங்களோடு கூடவே மேசையடி வரைக்கும் நடந்து வந்தார். மச்சான் சாறு சொட்டும் வத்தகப்பழம் வெட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நடந்ததைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மச்சான், ஆறு சுகமா இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். மரியா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, காரின் பின்சீட்டில் கால் நீட்டி நித்திரையானாள்.

றீற்றா அண்ணனுக்கு எதிரே இருந்தாள். நகங்களுக்குள் இன்னும் சிவப்பு மணல்.

"அண்ணை, நாங்கள் வரேல்லை."

"ஒரு நாள் தண்ணி இல்லாமல் போனதுக்கோ? வீட்டிலை குழாய் இருக்கெடி."

"அதுக்கில்லை." அவள் காரைத் திரும்பிப் பார்த்தாள். "இவள் ஆறெண்டால் தண்ணி இருக்கும் எண்டு நம்பி வந்தவள். நாங்கள் கிணத்தைக் கண்டாலும் எட்டிப் பாத்திட்டுத்தானே வாளியை விடுவம். தண்ணியை யோசிக்காத ஒரு பிள்ளை எங்கடை குடும்பத்திலை இப்பதான் முதல்முதல் வந்திருக்கு. அது அப்பிடியே இருக்கட்டும் அண்ணை. இஞ்சை வந்தால் எனக்கு வெயில் கிடைக்கும். அவளுக்கு இது போயிடும்."

மச்சான் கத்தியைத் துடைத்தார். இருபது வருடம் தனியாக இருக்கிற மனிதர். "நீர் ஒண்டும் சொல்லேல்லை?" என்று என் பக்கம் திரும்பினார்.

"நான் வரைபடம் வாசிச்ச ஆள். என்னைக் கேக்காதேங்கோ."

அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். இன்னொரு துண்டு வெட்டித் தங்கச்சியின் பக்கம் தள்ளினார். "இதையாவது தின். இதுகும் தண்ணிதான்."

அந்த முடிவு சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நவம்பர் வந்தால் றீற்றா சன்னலோரம் இருந்து வெளிச்சத்தைத் தேடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனோடு கதைக்கும்போது முதல் கேள்வி எப்போதும் அங்கே வெயிலா என்பதுதான். ஆனால் அவள் குழாயை மூடுவதை விட்டுவிட்டாள். மரியா தண்ணீரை ஓடவிடும்போது கீழே ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைக்கிறாள். மரியா விரலை நீட்டிப் பார்க்கிறாள், காத்திருக்கிறாள், குளிர்ந்ததும் சட்டியைத் தள்ளிவிட்டு கிளாஸைப் பிடிக்கிறாள். இன்னும் குளிராத அந்தத் தண்ணீரைத் தாய் எடுத்துக்கொண்டு போகிறாள். சன்னலுக்கு வெளியே வாகனத் தரிப்பிடம் முழுவதும் பனி. உள்ளே, ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்றுக்கு, ஒரு சொட்டும் சிந்தாமல் கையால் கொஞ்சம் கொஞ்சமாக வார்க்கிறாள்.