வெள்ளச்சிக்குத் தைத்த சட்டை

சாயங்கால வெயில் சரிந்து, எண்ணெய் ஆலையில் செம்பனைப் பழம் வேகும் வாடை எங்கள் வீட்டுப் பின்கட்டு வரை வரும் நேரத்தில்தான் எங்கள் சேவல் செவலை தன் நாடகத்தைத் தொடங்குவான். தலையைத் தாழ்த்தித் தரையைச் சீய்த்து, "கொக்கொக்கொக்" என்று தொண்டைக்குள் உருட்டிக் கூப்பிடுவான். புழு கிடக்கிறதாக்கும் என்று கோழிகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வரும். வந்து பார்த்தால் ஒரு ரம்புத்தான் மரத்துச் சருகு கிடக்கும், அவ்வளவுதான். அதற்குள் அவன் அகப்பட்ட ஒன்றின் பிடரியைக் கவ்வி முதுகில் ஏறியிருப்பான்.

ஜோகூர் மாநிலத்துப் பண்டார் தெங்காராவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான "லயத்தில்" கடைசி வீடு எங்களுடையது. அப்பா தினமும் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போய் வந்தார். அம்மா வீட்டில் துணி தைத்தார். அக்கம்பக்கத்தில் "கம்பத்துக் கோழி" என்கிற நாட்டுக்கோழி வளர்த்தவர்கள் எல்லாரும் ஒரு சேவலை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் குழம்பாக்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது, ஏனென்றால் அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் முனியாண்டிக்குச் சேவல் "நேர்ந்து விடும்" பழக்கம் இருந்தது. அப்பா லோரியில் மோதி உயிர் பிழைத்தபோது ஒரு குஞ்சு, அண்ணன் எஸ்.பி.எம். பரீட்சை எழுதியபோது ஒரு குஞ்சு, எனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தபோது இன்னொன்று. நேர்ந்த சேவலை விற்கக்கூடாது, அறுக்கக்கூடாது, கை ஓங்கவும் கூடாது. தோட்டத்து முனையிலிருந்த முனியாண்டி கோயிலில் திருவிழாவன்றுதான் அதைப் பலியாகச் செலுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கோயில் கூரையைப் பிரித்துப் போட்டுத் திருவிழாவையும் தள்ளி வைத்துவிட்டார்கள். ஆக, அப்பாவின் செவலை, அண்ணனின் கருப்பன், குஞ்சிலேயே கதவிடுக்கில் கால் நசுங்கிய என்னுடைய நொண்டி என்று மூன்று முழுச் சேவல்கள் எங்கள் வீட்டில் அரசாங்கம் நடத்தின. அவற்றுக்கு ஈடுகொடுக்க நாலைந்து கோழிகள்தாம் இருந்தன.

சேவல் என்றால் கூவும், சண்டை போடும் என்று மட்டும் தெரிந்தவர்களுக்கு அந்தக் கோழிகள் பட்ட பாடு தெரியாது. நான் வளர்த்த வெள்ளச்சிதான் அதிகம் பட்டாள். கருப்பன் துரத்தினால் அவள் லயமே அதிரக் கத்துவாள். அந்தச் சத்தத்துக்குச் செவலை பாய்ந்து வந்து கருப்பனை விரட்டுவான். விரட்டிய கையோடு தானே ஏறிக்கொள்வான். அவளும் சும்மா இருந்தவளில்லை. அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு அடியில் புகுவாள், வாழைத்தோப்புக்குள் ஒளிவாள், சருகைக் காட்டிச் செவலை எத்தனை உருக்கமாகக் கூப்பிட்டாலும் சில நாட்களுக்குப் பிறகு திரும்பியே பார்க்க மாட்டாள்.

நொண்டியின் வழி வேறு. சண்டைக்கு அவனுக்குக் கால் இல்லை. குளியலறைத் தண்ணீர் போகும் ஈரத்தில் கிண்டி, ஒரு புழுவை எடுத்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கூப்பிட்டு, அதைத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பான். வெள்ளச்சி சுற்றும்முற்றும் பார்த்து, வாழைமரங்களைச் சுற்றிக்கொண்டு, தன் இஷ்டத்துக்கு நடந்து அவனிடம் போவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காரணமே தெரியாத ஒரு சந்தோஷம் வரும்.

ஆனால் மழைக்காலம் வந்தபோது வெள்ளச்சியின் முதுகில் ஓர் இறகும் மிச்சமில்லை. நகம் கீறிய இடமெல்லாம் புண்ணாகி, ஈ மொய்த்து, ஒரு நாள் அவள் கூண்டு மூலையில் தீனி தொடாமல் உட்கார்ந்துவிட்டாள். செத்துப்போவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அழுதுகொண்டே அவளை அம்மாவின் தையல் மிஷின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். "பேசாம அந்தச் செவலைய கறி வச்சிருவோம்லா."

"வாய அலம்புங்க! அது உங்க உசுருக்கு நேந்தது."

"நானா நேரச் சொன்னேன்?"

"நீங்க எதச் சொன்னீங்க? ஆம்பளைங்க அடிச்சுக்கிறதும் ஏறிக்கிறதும், கடைசியில இவதான் சாகக் கெடக்குறா," என்றார் அம்மா. அது எந்த ஆண்களைப் பற்றியது என்று கேட்க அப்பாவுக்குத் துணிச்சல் வரவில்லை.

செவலையைத் தொட்டால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அம்மா உண்மையாகவே பயந்தார். வெள்ளச்சியைச் சாகவிடவும் அவருக்கு மனசில்லை. கூண்டில் அடைத்து வைத்தால் மற்ற கோழிகளின் முதுகுதான் போகும். மஞ்சள் அரைத்துப் புண்ணில் பூசியபடியே கொஞ்ச நேரம் யோசித்தவர், அப்பாவின் பழைய தொழிற்சாலைக் காற்சட்டையை எடுத்துக் கத்திரிக்கோலால் சரக்கென்று வெட்டினார். முதுகை மூடும் அளவுக்கு ஒரு துண்டு, இரண்டு இறக்கைகளுக்கு அடியில் இழுத்து மாட்ட ரப்பர் பட்டை. புண் ஆறத் தொடங்கியதும் அதை வெள்ளச்சிக்கு அளவெடுத்து, பிரித்து, மறுபடியும் தைத்து மாட்டிவிட்டார். மற்ற கோழிகளுக்கும் அடுத்தடுத்துச் சட்டை வந்தது.

லயமே வந்து வேடிக்கை பார்த்தது. நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தை, "அலமாக், கோழிக்கு பாஜூவா!" என்று சட்டைக்குத் தன் மலாய்ச் சொல்லைப் போட்டு எங்கள் தமிழோடு கலந்து கத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெள்ளச்சி முதலில் பின்பக்கமாகவே நடந்தாள். பிறகு பழகிவிட்டது. செவலையின் நகம் தடித்த துணியில் வழுக்கியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டைக்கடியில் புது இறகு முளைத்தது. நான் தினமும் தூக்கிப் பார்த்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

கோயில் கூரை வேய்ந்து முடிந்ததும் திருவிழா வந்தது. செவலையும் கருப்பனும் போனார்கள். அடுத்தது நொண்டி. அவனைக் கூடையிலிருந்து தூக்கி மார்போடு சேர்த்துப் பிடித்தேன்; நேர்ந்ததைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்று தெரிந்திருந்ததால் அம்மாவிடம் நீட்டினேன். அம்மா சேவலை வாங்கி, முனியாண்டியின் நேர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, இவன் உனக்குத்தான். நான் மாத்திப் பேசல. ஆனா இவன் ஒருத்தன்தான் கூப்பிட்டா, கீழ நெசமாவே ஏதாச்சும் வச்சிருப்பான். எங்க வீட்லயே இருக்கட்டும். வருசா வருசம் கூட்டியாந்து காட்டிட்டுப் போறேன்."

பூசாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு நொண்டிக்குத் திருநீறு பூசிவிட்டார். அதன்பிறகு அவன் கிழடு தட்டிச் சாகும் வரை ஒவ்வொரு திருவிழாவுக்கும் கூடையில் போய்ச் சாமியைப் பார்த்துவிட்டு வந்தான். வெள்ளச்சிக்கு அப்புறம் சட்டை தேவைப்படவில்லை.

இன்று அந்த லயம் இல்லை. இடித்துவிட்டு அங்கேயும் செம்பனை நட்டுவிட்டார்கள். கோயில் புதுக் குடியிருப்பான "தாமான்" பக்கம் இடம் மாறிவிட்டது. அம்மா இப்போது எலுமிச்சம்பழம்தான் நேர்ந்துகொள்கிறார். நாங்கள் இருக்கும் ஜோகூர் பாரு அடுக்குமாடியில் கோழி வளர்க்க முடியாது. சேவல் கூவிக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

போன மாதம், என்னோடு வேலை செய்பவர் ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். எந்த ஊர், என்ன சம்பளம் என்று கேட்பார் என்று நினைத்தேன். அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டார்.

"கூப்பிடுறாரு, சரி. கீழ ஏதாச்சும் இருக்கான்னு பாத்தியா?"

"பாத்துட்டேன்மா," என்றேன். "இருக்கு. வச்சிட்டு ஒதுங்கியும் நிக்கிறாரு."