பெருஞ்சில்லுக்கு ஆசைப்பட்ட பாண்காரர்

கோப்பிச் செடியில் இலைநோய் விழுந்து துரைமார் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டத் தொடங்கிய காலத்தில், கண்டியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஏலத்துக்குப் பஞ்சமில்லை. கதிரை, அலுமாரி, பியானோ, வேட்டை நாய் என்று எல்லாம் ஏலத்துக்கு வந்தன. கடைவீதிக்குப் பின்னால் போறணை அடுப்பு வைத்துப் பாண் ரொட்டி சுட்டு விற்கும் லாபிர், அப்படியொரு ஏலத்துக்குத் தகரத் தட்டு வாங்கப் போனார். தட்டுகளை வேறு யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல், மூலையில் சீந்துவாரற்றுச் சாய்ந்து கிடந்த ஒரு வண்டியைக் கேட்டு வாங்கினார்.

இரண்டே சில்லு, ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டும் மரம், சுற்றிலும் இரும்புப் பட்டை. முன்சில்லின் இரு பக்கமும் மிதிக்க இரண்டு கட்டை. மாடும் வேண்டாம் குதிரையும் வேண்டாம், ஏறி மிதித்தால் போகும் என்று ஏலக்காரன் சொல்லியிருந்தான். லாபிர் வீட்டு முற்றத்தில் ஏறினார். மிதிப்பதற்கு முன்பே விழுந்தார்.

அவர் மனைவி கைரியா கதவுத் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"தட்டு வாங்கப் போய் என்னத்தக் கொண்டு வந்தீக்கிறீங்க?"

"இது சீமை வண்டி, கைரியா."

"பாதிதானே ஈக்கிது. மத்தப் பாதிய எங்க வெச்சிட்டு வந்தீங்க?"

லாபிருக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. மற்றப் பாதியைத் தானே செய்வதென்று முடிவு கட்டினார். பின்சில்லைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்னொரு ஏலத்தில் கிடைத்த குழந்தை வண்டியின் இரண்டு சில்லுகளைக் கொல்லனைப் பிடித்துப் பூட்டினார். அவற்றின் மேல் பலாப்பலகையில் ஒரு பாண் பெட்டி. இருக்கைக்குப் பழைய குதிரைச் சேணத்திலிருந்து வெட்டிய தோல். வண்டியை நிறுத்துவதற்குக் கயிறு சுற்றிய ஒரு மரக்கட்டை. குதிகாலால் அழுத்தினால் சில்லில் போய் உரசும். இறக்கத்தில் அந்தக் கயிறு புகையும். "நானா, பாண் கருகுது!" என்று வழியில் நிற்பவர்கள் அண்ணன் முறை வைத்துக் கத்துவார்கள்.

சல்லிக்கல் பாதையில் அது போகும்போது எழும் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. இரும்பு கல்லில் மோதும், பெட்டி மூடி அடிக்கும், உள்ளே தட்டுகள் குலுங்கும், மேலே லாபிரின் பற்கள் தந்தியடிக்கும். ஊரே அதற்கு உதறுவண்டி என்று பெயர் வைத்தது. ஓடத்துறையில் சுங்கம் வாங்கும் ஆயக்காரனுக்குத்தான் தலைவலி. மாட்டுக் கரத்தைக்கு ஓர் ஆயம், குதிரைக்கு ஓர் ஆயம் என்று சட்டம் இருந்தது. மாடில்லாத இதை எதில் சேர்ப்பது? கடைசியில், மனிதன்தானே காலால் போகிறான் என்று நடந்துபோகிற ஆளாகக் கணக்கெடுத்துச் சும்மா விட்டுவிட்டான். இந்த வெற்றியை லாபிர் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில் பாண் வெந்ததும் புறப்படுவார். குளக்கரையைச் சுற்றி, மகாவலி ஓடத்துறைக்கு இறங்கி, அக்கரையில் குண்டசாலைப் பக்கத்துப் பங்களாக்களுக்கும் கோப்பி ஸ்டோர்களுக்கும் பாண் கொடுப்பார். வத்தேகமச் சந்தைக்கு எப்போதாவதுதான். அந்த ஏற்றத்துக்கு உதறுவண்டியை விட அவருடைய மூச்சுத்தான் முதலில் உதறும். ஆள் குள்ளம். கைரியாவின் தோளுக்குத்தான் வருவார். அதை ஈடுகட்ட நல்ல உயரமான தொப்பியாகப் பார்த்துப் போடுவார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், கிளாக்கர் ராஜரத்தினம் குறுக்கே வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், குண்டசாலையில் ஒரு கோப்பி ஸ்டோரில் வேலை, வீடு கண்டியில். பனைமரம் போல நெடுநெடுவென்று வளர்ந்தவர். அவருடைய துரை ஊருக்குக் கப்பலேறும்போது அன்பளிப்பாக ஒரு புது மாதிரி வண்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முன்சில்லு ஆளுயரம், பின்சில்லு சோற்றுத் தட்டளவு. யானையும் அதன் வாலும் மாதிரி. மரம் கிடையாது, எல்லாம் மெல்லிய இரும்புக் கம்பி. சில்லைச் சுற்றி ரப்பர்.

"நானா, இதிலை இருந்து விழுந்து விழுந்து எனக்கு முழங்காலிலை தோலே இல்லை," என்றார் ராஜரத்தினம். "உங்கட மூண்டு சில்லு விழாதெல்லோ?"

"அது விழுற சாதி இல்ல, கிளாக்கரய்யா."

"ஓம், அதுக்குத்தான் கேக்கிறன். ரெண்டையும் மாத்துவமே? அவசரமில்லை, முதல்ல ஒருக்கா ஓடிப் பாருங்கோ."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் குளக்கரையில் பரீட்சை. லாபிர் குளத்துக் கட்டுச் சுவரில் ஏறி நின்று, ராஜரத்தினம் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஒரு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். கிளாக்கர் தள்ளிவிட்டார்.

மிதிகட்டை மேலே வரும்போதெல்லாம் லாபிர் எட்டி ஒரு மிதி மிதித்தார். சத்தமே இல்லை. வண்டி வெண்ணெயில் கத்தி போவதுபோல் போயிற்று. லாபிர் தலையைத் திருப்பினார். மதிலுக்கு மேலே வீடுகளின் முற்றம் தெரிந்தது. காயப்போட்ட மிளகாய் தெரிந்தது. எதிரே குதிரையில் வந்த ஒரு துரையின் முகம், வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் முகத்துக்கு நேரே வந்து போனது. லாபிர் சலாம் வைத்தார். துரை திகைத்துப்போய்த் தொப்பியைத் தொட்டார். அந்த நிமிஷமே மனிதரின் மனசு பெருஞ்சில்லிடம் போய்விட்டது.

பாதிக் குளம் சுற்றிய பிறகுதான் எப்படி இறங்குவது என்று கேட்காமல் வந்தது ஞாபகம் வந்தது. ராஜரத்தினத்தைக் கேட்டும் பயனில்லை. அவர் இதுவரை இறங்கியதெல்லாம் விழுந்துதான்.

கோப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு கரத்தைக்காரன் முத்துலிங்கம் எதிரே வந்தான்.

"என்னா நானா, மேல காத்து எப்படி இருக்கு?"

"முத்துலிங்கம், எறக்கி உடுப்பா!"

"வண்டிய ஓரங்கட்டணுமே! இன்னொரு சுத்து சுத்திட்டு வாங்க!"

லாபிர் இன்னொரு சுற்றுச் சுற்றினார். அதற்குள் கடைவீதியில் பாதி குளக்கரைக்கு வந்துவிட்டது. முத்துலிங்கம் கரத்தையைப் பாதையோரம் நிறுத்தி, மூட்டைகளின் மேல் நின்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டிருந்தான். லாபிர் கண்ணை மூடிக்கொண்டு, பிஸ்மி சொல்லி, மேல் மூட்டையைப் பல்லிபோலக் கட்டிப்பிடித்தார். பெருஞ்சில்லு அவர் இல்லாமலே கொஞ்சத் தூரம் போய், புல்லில் படுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்தும் மிளகாய் காய்ந்ததையும் துரை தொப்பியைத் தொட்டதையுமே திரும்பத் திரும்பச் சொன்னார். மூட்டையைக் கட்டிப்பிடித்ததைச் சொல்லவில்லை. அது கைரியாவுக்கு ஏற்கெனவே அடுத்த வீட்டு வழியாக வந்து சேர்ந்திருந்தது.

"என்ன சொல்ற நீ? மாத்தவா?"

"நான் வாணாமெண்டு சொல்ல மாட்டன். சொன்னா நீங்க கட்டாயம் மாத்துவீங்க." அவள் மாவைப் புரட்டிப் போட்டாள். "சும்மா ஆள் கொளத்தச் சுத்துறதும் பாணோட போறதும் ஒண்டா? ஒரு நாளைக்கு மாத்தி ஓடிப் பாருங்க. அதுக்குப் பொறகு உங்கட இஷ்டம்."

திங்கட்கிழமை என்று பேச்சாயிற்று. அதற்கு முன்பே லாபிரின் கை சும்மா இருக்கவில்லை. கால் எட்டவில்லை என்று மிதிகட்டை இரண்டிலும் மரத்துண்டு வைத்துக் கட்டினார். பெட்டி வைக்க இடமில்லாததால் பாணைப் பெரிய துணியில் முடிந்து முதுகில் கட்டிக்கொண்டார். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு கூனர் ஆகாயத்தில் மிதந்துபோவது போலிருந்தது.

ஓடத்துறையில் ஆயக்காரன் பெருஞ்சில்லை அடியிலிருந்து நுனிவரை பார்த்தான். இவ்வளவு உயரத்தில் போகிறவனை நடந்துபோகிற ஆள் என்று சொல்ல முடியாது, இது குதிரைதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். லாபிர் எவ்வளவு வாதாடியும் நடக்கவில்லை. இதற்கிடையில், ஸ்டோருக்கு நேரமாகிறது என்று ராஜரத்தினம் உதறுவண்டியோடு முதல் ஓடத்திலேயே அக்கரைக்குப் போய்விட்டார்.

லாபிர் அடுத்த ஓடத்தில் போய் முதல் பங்களா வாசலில், குதிரை ஏறும் கல்லைப் பிடித்து இறங்கினார். இந்த உபாயத்தை அவரே கண்டுபிடித்திருந்தார். வாசலில் ஒருவரும் இல்லை. தினமும் கூடையோடு நிற்கும் ஆட்கள் எங்கே? கூப்பிட்டுப் பார்த்தார். நாய் மட்டும் வந்தது. அது அவரை அடையாளம் கண்டுகொள்ள மறுத்தது. இரண்டாவது பங்களாவிலும் இதே கதை. மூன்றாவதில்தான் குசினியில் வேலை செய்யும் பேச்சியம்மா, காலிக் கூடையோடு, மூச்சு வாங்க, கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"என்னா நானா இது! இப்பத்தானே ஒங்க வண்டி கடகடன்னு போச்சு? கூடையத் தூக்கிக்கிட்டு ஓடுறேன், ஓடுறேன், நிக்கவே இல்லையே! அதுல கிளாக்கரய்யா இல்ல ஒக்காந்திருக்காரு!"

லாபிருக்கு மெல்ல விளங்கியது. இத்தனை வருஷமும் இந்தப் பக்கத்துக் குசினிகளில் யாரும் நேரம் பார்த்து வாசலுக்கு வந்ததில்லை. ஆற்றங்கரையில் உதறுவண்டி உதறத் தொடங்கினால்தான் கேத்தலை அடுப்பில் ஏற்றுவார்கள், கூடையைத் தேடுவார்கள். இன்று அந்தச் சத்தம் பாணில்லாமல் போயிருக்கிறது. பாண் சத்தமில்லாமல் பின்னால் வந்திருக்கிறது.

அவசரமாக ஏறி மிதித்தார். ஸ்டோர் வாசலில் ஒரு கூட்டம். சமையற்கார அப்புமார், பிள்ளை பார்க்கும் ஆயாமார், கூடை, பிரம்புத் தட்டு. நடுவில் ராஜரத்தினம் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். யாரோ பெட்டி மூடியைத் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளே அவருடைய சோற்றுப் பொதியும் குடையும் மட்டும் இருந்தன.

"நேத்து சொன்ன ரெண்டு றாத்தல் பாண் எங்கங்கய்யா?" என்று ஒரு சமையற்காரர் விடாமல் கேட்டார்.

"ஐயோ, நான் பாண்காரன் இல்லை! எத்தினை தரம் சொல்லுறது!"

லாபிர் கூட்டத்துக்குப் பின்னால் வந்துவிட்டார். ஒருவரும் திரும்பவில்லை, வந்தது கேட்டால்தானே? இறங்கவும் கல் இல்லை. கூட்டத்தை ஒரு வட்டம் சுற்றினார், "பாண்! பாண்!" என்று கத்திக்கொண்டே. தலைகளுக்கு மேலால் பார்க்கக்கூடிய ஒரே ஆள் ராஜரத்தினம்தான்.

"அந்தா வாறார்! மேலை பாருங்கோ, மேலை!"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். லாபிர் வாசல் தூணைக் கட்டிப்பிடித்து நின்று, முதுகு முடிச்சை அவிழ்த்து, மேலிருந்தே பாணை எடுத்து எடுத்துக் கொடுத்தார். பாதி நசுங்கியிருந்தது. கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் ராஜரத்தினம் உதறுவண்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"நானா, உங்கட வண்டி எனக்கு வேண்டாம். அது ஓடேக்கை ஊருக்கே பசிக்குது. ஆனா பெருஞ்சில்லு உங்களுக்கு வேணுமெண்டால் எடுங்கோ. எனக்கு வீட்டுக்குப் பாண் தந்தால் காணும்."

இதுதான் சங்கடம். மறுத்துவிட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். இப்போது முடிவு முழுக்க லாபிருடையது. பின்னேரம் உதறுவண்டியைக் கிளாக்கர் கண்டிக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. லாபிர் பெருஞ்சில்லோடு திரும்பினார். ஆற்றைக் கடந்ததும் ஏற்றம். தள்ளித்தான் போக வேண்டும். ஏற்றத்தின் நடுவில் ஒரு கோப்பிக் கடை. தினமும் உதறுவண்டியைப் பாதையோரம் விட்டு, பாண் பெட்டி மேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கோப்பி குடிப்பது அவருக்கு வழக்கம். அன்று கோப்பி வந்தது. ஒரு கையில் கோப்பி, மறு கையில் வண்டி. கையை எடுத்தால் அது விழும். கருப்பட்டியை எந்தக் கையால் வாங்குவது? மூக்கு வேறு அரித்தது. உட்கார இடமில்லை, சாத்த மரமில்லை. பெருஞ்சில்லு பக்கத்தில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது, துரையின் குதிரையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும் குதிரைக்காரனாக லாபிரை ஆக்கிவிட்டு.

கோப்பி ஆறிப்போயிற்று. லாபிர் அதைக் கீழே ஊற்றிவிட்டு நடந்தார். மறுநாள் பெருஞ்சில்லு கிளாக்கர் வீட்டு வாசலில் இருந்தது. மிதிகட்டையில் கட்டிய மரத்துண்டுகளை மட்டும் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

சில மாதம் கழித்து ராஜரத்தினம் அதை வத்தேகமப் பக்கத்தில் ஓர் இளந்துரைக்கு விற்றார். ஒரு காலை லாபிர் இறக்கத்தில் கயிறு புகையப் போய்க்கொண்டிருந்தபோது, அது ஒரு நிழல்போல அவரைக் கடந்து போயிற்று. துரை மேலே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கம்பிகளில் வெயில் சுழன்றது. லாபிர் உதறுவண்டியை நிறுத்தி, அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். அன்று பங்களாக்களில் கேத்தல்கள் வெகுநேரம் கொதித்தன.

பகல் சோற்றுத் தட்டின் முன்னால் அவர் கை வைக்காமல் உட்கார்ந்திருந்ததைக் கைரியா கவனித்தாள்.

"பாத்தீங்களாக்கும்."

"பாத்தன்."

"எப்பிடி?"

"என்னத்தச் சொல்ற. அழகு, கைரியா."

"சோத்தத் திண்டுட்டுப் போய்க் கொல்லனப் பாருங்க," என்றாள் அவள். "இருக்கைய ரெண்டு வெரக்கட ஒசத்தித் தரச் சொல்லுங்க."

லாபிர் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போனார். கொல்லன் இரண்டு விரற்கடைதான் உயர்த்தினான். அதற்கு மேல் உயர்த்தினால் கால் எட்டாது. மறுநாள் குளக்கரையில் மதிலுக்கு மேலால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நுனிக்காலில் எக்கி மிதித்தால், மதிலின் மேல் வரிசைக் கற்களில் பாசி பிடித்திருப்பது தெரிந்தது.