சோடாவில் வெந்த வான்கோழி இறகு

வான்கோழி இறகின் தூசி மூக்கில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. அந்த வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டே இருந்தேன். ராசிபுரத்தில் பட்டு நெய்கிற வீடு எங்களுடையது. தறியில் சிவப்புப் பாவு நூல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வெள்ளை இழை பறந்து போய் ஒட்டினால் சேலையே போச்சு. அதனால் இறகோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். கொல்லையில், நூல் நனைக்கும் சிமெண்ட் தொட்டிக்குப் பக்கத்தில், தகரக் கூரையின் கீழ் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நான் மீன் பிடிக்கிற முள்ளுக்கு இறகு கட்டிக்கொண்டிருந்தேன்.

ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளில் பூப்போன்ற இறகைக் கட்டினால் அதற்குப் பெயர் மராபு ஜிக். மராபு என்பது முதலில் ஏதோ ஆப்பிரிக்க நாரையின் இறகாம். இப்போது உலகம் முழுக்க வான்கோழி இறகைத்தான் அந்தப் பெயரில் கட்டுகிறார்கள். தண்ணீருக்குள் இழுத்து நிறுத்தினால், நிறுத்திய பிறகும் அந்த இறகு மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும். பூச்சிதான் என்று ஜிலேபிக் கெண்டை வந்து கவ்வும். காவிரியில் முதல் தடவை அப்படி ஒன்று கவ்வியபோது எனக்குப் பிடித்த கிறுக்கு இது. டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். ஓசூர்க் கம்பெனி ஒன்று திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருந்தது. அதே வாரம் கோயமுத்தூரில் தூண்டில் சாமான் விற்கிற கடைக்காரர் போனில் சொன்னார்: “வெள்ளை, கருப்பு, பாசிப்பச்சை, மூணுலயும் சாம்பிள் அனுப்புங்க. சனிக்கெழமைக்குள்ள வரோணும். புடிச்சுதுன்னா மாசாமாசம் உங்ககிட்டயே வாங்கிக்கறேன்.”

அவருக்குப் பிடித்தால் ஓசூர் இல்லை. பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்ட வேண்டும். அப்பாவிடம் அப்படித்தான் ஒப்பந்தம் போட்டிருந்தேன்.

எருமப்பட்டிப் பக்கம் வான்கோழி வளர்க்கிற ஒரு அக்காவிடம் ஏற்கெனவே ஒரு மூட்டை வாங்கி வைத்திருந்தேன். “ஏஞ்சாமி, மீனுக்கு றெக்கை கட்டிப் பறக்க உடப் போறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே அள்ளிப் போட்டார். வீட்டில் உட்கார்ந்து அதைப் பொறுக்கியதில்தான் கழுத்து போனது. இறக்கை இறகு ஆகாது, விறைப்பாக நிற்கும். தொடைக்கும் வயிற்றுக்கும் இடையில் இருக்கிற குட்டை இறகுதான் வேண்டும். தண்டு நூல் மாதிரி இருக்க வேண்டும், பஞ்சு நுனிவரை அடர்த்தியாக வர வேண்டும். ஒவ்வொன்றையும் நனைத்து விரலால் உருவிப் பார்ப்பேன். ஊசி போலக் கூராகி, தண்ணீரில் விட்டதும் பொசுக்கென்று விரிந்தால் அது நல்ல இறகு. விரியாமல் தலைமுடி போலத் தொங்கினால் தள்ளுபடி. ஒரு கைப்பிடியில் நாலைந்து தேறினாலே அதிர்ஷ்டம். இரண்டு நாள் பொறுக்கி ஒரு பை சேர்த்தேன்.

சாயம் போடுகிற நாளில்தான் அப்பா கொல்லைக்கு வந்தார். அதுவரை நான் செய்வதை அவர் நின்று பார்த்ததே இல்லை. கையில் பையை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்.

“இதை அவிச்சியா?”

“அவிக்கறதா? வெதுவெதுப்பான தண்ணியில வினிகர் ஊத்திச் சாயம் போட்டாப் போதுங்கப்பா. வீடியோவுல அப்பிடித்தான் செய்யறாங்க.”

“அவிக்காமச் சாயம் எப்படிப் புடிக்கும்? கொண்டா இங்க. நம்மூட்டுல இல்லாத சாயமா?”

கச்சாப் பட்டு நூலில் ஒரு பசை இருக்கும். சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து அதை எடுத்தால்தான் நூல் மினுங்கும், சாயமும் ஏறும். எங்கள் வீட்டில் அதைச் செய்யாமல் எந்த நூலும் அடுத்த பாத்திரத்துக்குப் போகாது. வெள்ளையாகவே வைக்கிற நூலானாலும் அவித்தே ஆக வேண்டும். எனக்குள்ளும் படிப்பு தலையாட்டியது. பட்டும் புரதம், இறகும் புரதம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதோடு அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் வேலைக்காக அடுப்பு மூட்டுகிறார். யார் வேண்டாம் என்பார்கள்? முழுப் பையையும் கொடுத்தேன்.

அவர் நூலைத் திருப்புகிற கோலால் இறகைத் திருப்பினார். பட்டுக்குப் பார்ப்பது போலவே வேக விட்டார். பிறகு கருப்பும் பாசிப்பச்சையும் ஏற்றினார். சாயம் என்னவோ அற்புதமாகப் பிடித்தது. அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு, “இதுல ஒரு சேலையே போடலாம் போல,” என்றார். வாசனை மட்டும் முடி கருகினது மாதிரி வந்தது.

மறுநாள் காலையில் காய்ந்ததை எடுத்துக் கட்ட உட்கார்ந்தேன். முள்ளை வைஸ் என்கிற சின்னப் பிடிப்பானில் இறுக்கி, ஒற்றைப் பட்டு இழையை மெழுகில் இழுத்து, ஈயத் தலைக்குப் பின்னால் சுற்றி, இறகை ஈரப்படுத்தி வாலாக வைத்தேன். வால் நீளமாக இருந்தால் கத்தரிக்கோல் போடக் கூடாது, நுனி மொட்டையாகிவிடும். விரலால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். கிள்ளினேன். தண்டோடு முறிந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே. முறியாத ஒன்றைக் கட்டி முடித்துத் தொட்டியில் விட்டேன். விளக்குத் திரி மாதிரி இறங்கியது. இழுத்தேன், வந்தது. நிறுத்தினேன், தொங்கியது. கருப்பு, பச்சை, வெள்ளை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எதுவும் விரியவில்லை. சோடா பசையை எடுக்கவில்லை. இழைகளைத் தின்று, மிச்சத்தை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிட்டது.

கோபம்கூட வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் குனிந்த முதுகு அப்போதுதான் வலியைச் சொல்ல ஆரம்பித்தது.

அப்பா வந்து ஒரு ஜிக்கைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே, “நா வேணும்னு பண்ணலம்மா,” என்றார்.

அவர் வேண்டுமென்றே செய்திருக்கலாம் என்ற நினைப்பே அதுவரை எனக்கு இல்லை. ஓசூருக்கு நான் போக வேண்டும் என்று அவர் எத்தனை ஆசைப்பட்டார் என்பது அந்த ஒரு வரியில்தான் தெரிந்தது.

“தெரியும்ங்கப்பா. நானுந்தான குடுத்தேன்.”

அவர் சட்டையை மாட்டினார். தறியில் சேலை பாதியில் நின்றது. எங்கே என்று அம்மா கேட்டதற்கு, “எருமப்பட்டி வரைக்கும் போய்ட்டு வாரேன்,” என்றார். நான் எழுந்து கூடப் போயிருக்க வேண்டும். கால் வரவில்லை. நாமக்கல்லில் பஸ் மாறிப் போய், மதியச் சோற்றுக்குப் பிறகு, தோளில் ஒரு மூட்டையோடு திரும்பினார். முகத்தில் அத்தனை பெருமை. அவிழ்த்தேன். முழ நீளத்துக்கு இறக்கை இறகுகள்.

“அந்தம்மா எந்த எறகுங்கன்னு கேட்டாங்க. நல்ல பெரிய எறகாப் பாத்துப் போடுங்கன்னேன். ஏங்கண்ணு, சரியில்லையா?”

அம்மா வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். “இதுல மீன் புடிக்க முடியாது. வேணும்னா ஆளுக்கொரு விசிறி பண்ணிக்கலாம்.”

சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார், ஆனால் கண் மூட்டையிலேயே இருந்தது. கொட்டிப் பார்த்தோம். மூட்டையின் அடியில், பெரிய இறகுகளுக்கு நடுவில் சிக்கி வந்த குட்டைப் பஞ்சு கொஞ்சம் கிடந்தது. நனைத்து உருவி விடுவதை ஒரு தடவை காட்டினேன். அவரும் எதிரில் உட்கார்ந்து பொறுக்கினார். பாதிக்கு மேல் அவர் எடுத்து வைத்தவற்றை நான் ஓசைப்படாமல் தள்ளி வைத்தேன். வெறும் சோப்புத் தண்ணீரில் அலசினோம். அடுப்புப் பக்கம் யாரும் போகவில்லை.

சாயத்துக்கு நேரமில்லை. பொழுது சாயும் வரை வெள்ளையை மட்டும் கட்டினேன். வாலுக்கு ஓர் இறகு. கழுத்தில் இன்னொன்றைத் தண்டோடு சுற்றி, பஞ்சைப் பின்பக்கம் நீவிவிட்டு முடிச்சு, அதன்மேல் ஒரு சொட்டுப் பசை. இறகு போதாததால் சில வால் குட்டையாக, சில நீளமாக வந்தன. ஒரு டப்பாவைக்கூட நிரப்ப முடியவில்லை. விடிந்ததும் சேலம் பஸ் ஸ்டாண்டில் கோயமுத்தூர் வண்டியில் பார்சல் போட்டுவிட்டு, திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டே தூங்கினேன்.

சனிக்கிழமை மதியம் போன் வந்தது. “மூணு நெறம் கேட்டேனுங்க. ஒண்ணுதான் வந்திருக்குது. சைசும் ஒண்ணுபோல இல்லீங்க.” போனை மறு காதுக்கு மாற்றினேன். “ஆனாத் தண்ணியில உசுரா நிக்குதுங்க. மொதல்ல வெள்ளையே போதும். அடுத்த மாசத்துலருந்து அனுப்பிச்சுருங்க.”

சரிங்க என்றேன். போனை வைத்த பிறகு சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். அதற்கு முன்னால் மாதாமாதம் பொறுக்க வேண்டிய மூட்டைகள் கண்முன் வந்தன. கழுத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். தறிச் சத்தம் நின்றது.

“திங்கக்கெழம?” என்றார் அப்பா.

“போவலீங்கப்பா.”

பாவில் தளர்ந்திருந்த ஓர் இழையை இழுத்து முடிந்தார். பிறகு, “அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு இன்னிக்கே சொல்லிப்போடு. காத்திருக்க வெக்காத,” என்று சொல்லிவிட்டு மிதியில் காலை வைத்தார். எனக்கு அடுத்த தும்மல் வந்தது.

“கொல்லைக்குப் போடி!” என்று அம்மா உள்ளிருந்து கத்தினாள்.